மலைகளை அழித்தவள்

முர்காப் சந்தைக்குக் கூரை கிடையாது.
எல்லை தாண்டி வந்து
திரும்பிப் போக மனமில்லாத சரக்குப் பெட்டிகள்
இரண்டு வரிசை நிற்கும்.
இடப்பக்கம் ஏழாவது பெட்டி அனார்குல்லுடையது.
சார்ஜர், சிம் கார்டு, ஆட்டுக் கொழுப்பு,
ஜோடி பிரிந்த ரப்பர் பூட்ஸ்,
லாரி பேட்டரியில் மூச்சுவிடும்
பழைய கம்ப்யூட்டர் ஒன்று.

நான் சைக்கிளில் வந்தவள்.
லேப்டாப் ஒன்றே முக்கால் கிலோ.
அந்த எடைக்கு அரிசி ஏற்றிக்கொண்டேன்.
ஆறு வாரத்துப் படங்கள்
சுண்டுவிரல் நகத்தளவு அட்டையில் இருந்தன.
இரவில் அதைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு படுப்பேன்,
தொலைந்ததாகக் கனவு கண்டு
பாதத்தைத் தடவிப் பார்ப்பேன்.

போனில் ஏற்றப் பார்த்தேன், இடமில்லை என்றது.
கிளவுடில் ஏற்றலாமே என்றார்
வழியில் கண்ட ஒருவர்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டரில்
மேகம் கைக்கெட்டும் தூரந்தான்.
ஒரு படம் பாதி ஏறுவதற்குள்
தேநீர் கொதித்து ஆறிப் பாலாடையும் படிந்துவிட்டது.

"பத்து சொமோனி," என்றாள் அனார்குல்.
அவளுடைய ரஷ்யனும் என்னுடைய ரஷ்யனும்
ஒரே செருப்பின் இரண்டு கிழிசல்கள்.
அட்டையைச் செருகினாள்.
இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது திரை.
உப்புப் போட்ட பால் தேநீர் குடித்தோம்.
அவள் மகள் நூர்சதா திரைமுன் குந்தி
சதவீதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்,
ஏதோ பந்தய முடிவு போல.

"உள்ளே என்ன?"
"மலை."
"மலையா?"
கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.
"எத்தனை?"
"ஆயிரத்து நானூறு இருக்கும்."
அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் பார்தாங் ஆற்றைக் கடந்தேன்.
நனைந்துவிடுமே என்று
காலுறையைக் கழற்றிக் கேமராப் பையில் வைத்தேன்.
தொடையளவு தண்ணீர்தான்.
சைக்கிளைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா?
கை சைக்கிளைப் பிடித்தது.
பை ஒருமுறை புரண்டு காட்டிவிட்டு
சாம்பல்நிறத் தண்ணீரோடு போயிற்று.
கரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து
அரிசி சமைத்தேன். வேறென்ன செய்ய?

கோரோக்கில் கடன் வாங்கிய போனில்,
ரசீதின் பின்புறமிருந்த எண்ணை அழுத்தினேன்.
"இருக்கிறது," என்றாள். "இருநூற்றுப் பதினொன்று."
"ஆயிரத்து அறுநூறுக்கு மேல் இருந்ததே!"
"ஜோல்தோஷ் வீட்டுக் கல்யாண வீடியோ வந்தது.
டிஸ்கில் இடமில்லை.
மலைகளை அழித்துவிட்டேன்."
எனக்குக் குரல் எழும்பவில்லை.
"எங்கேயும் போய்விடவில்லை,
இங்கேதான் நிற்கின்றன,
வேண்டுமென்றால் வந்து பார்,"
என்றாள், கடையில் சரக்கு இருக்கிறது
என்று சொல்லும் தொனியில்.

ஜீப்பில் மூன்றாம் நாள் வந்தது
தீப்பெட்டிக்குள் ஒரு பென்டிரைவ்.
ஸ்பானரை வாயில் கவ்விச் சிரிக்கும் லாரிக்காரர்.
படமெடுக்காதே என்று கையை நீட்டிய கிழவர்,
கை மட்டும் தெளிவாக.
ஆட்டுக்குட்டியைக் கழுத்தில் போட்ட பையன்.
குலுங்கிப் போய், நான் அன்றே அழிக்க நினைத்த
யாரோ ஒரு பெண்ணின் முதுகு.
மண்சாலையில் நீண்டு விழுந்த என் நிழல்:
அதையும் ஆளென்று கணக்கில் சேர்த்திருக்கிறாள்.
ஒரு மலை தப்பியிருந்தது,
அதன் ஓரத்தில், கடுகளவில்,
யாரோ குனிந்து விறகு பொறுக்குகிறார்.
நான் பார்த்திருக்கவேயில்லை.

எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
திரும்ப எண்ணினேன்.
கடைசிப் படம் என்னுடையதல்ல.
தாயின் போனில், சிறுமியின் உயரத்திலிருந்து,
சற்றே சரிந்த கோணத்தில்:
தகரச் சுவரில் சாய்ந்து
வாய் திறந்து தூங்கும் ஒருத்தி,
அட்டை கம்ப்யூட்டரில் இருக்கும்போதே
காலுறையை இறுகப் பிடித்தபடி.